திறப்பு விழா உண்டு; அரங்கேற்றம் எங்கே?

பண்டைத் தமிழகத்தில் நூல் ஒன்றை எழுதி முடித்ததோடு புலவரின் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை. கற்றோர் கூடிய அவையில் அதனை அரங்கேற்ற வேண்டும். அவையோர் ஐயம் எழுப்புவர், தடை கூறுவர். நூலாசிரியர் ஒவ்வொன்றுக்கும் விடை பகர வேண்டும். தொல்காப்பியமே அவை ஒன்றில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. புலவரைச் சிறுமைப்படுத்தும் நோக்கத்தால் எழுந்த வழக்கமன்று அது. பலருக்கும் பயன்படப் போகும் ஒன்றைப் பலர் முன்னிலையில் ஆராய்ந்து ஏற்க வேண்டும் என்னும் பொறுப்புணர்ச்சியால் எழுந்தது.

ஏட்டில் எழுதிய நூலுக்கே இத்துணைக் கட்டுப்பாடு என்றால், கல்லாலும் இரும்பாலும் எழுதப்படும் கட்டடத்திற்கு எத்துணைக் கட்டுப்பாடு வேண்டும்! பிடிக்காத நூலை மூடி வைக்கலாம். பிடிக்காத பாட்டை நிறுத்திவிடலாம். பிடிக்காத கட்டடத்தை என்ன செய்வது? அது சாலையில் நிற்கிறது, வானத்தை மறைக்கிறது, காற்றைத் திருப்புகிறது, கண் திறந்தவர் எல்லாருடைய கண்ணிலும் படுகிறது. தந்தை கட்டிய கட்டடத்தை மகன் மட்டுமா காண்கிறான்? பேரனும் காண்கிறான். ஆயினும் கட்டடத்திற்கு இன்று நடைபெறுவது திறப்பு விழா மட்டுமே. நாடா வெட்டப்படுகிறது, கைதட்டல் எழுகிறது, படம் பிடிக்கப்படுகிறது. எவரும் ஐயம் எழுப்புவதில்லை. எவரும் விடை கூறுவதுமில்லை.

இக்குறையை விளக்கச் சிங்கப்பூரில் உள்ளோர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மரினா பே கடற்கரைக்குச் சென்று நின்றாலே போதும். 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மரினா பே சேண்ட்ஸ் அங்கே நிற்கிறது. 55 மாடிகள் கொண்ட மூன்று கோபுரங்கள். அவற்றின் தலைமேல் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில், 340 மீட்டர் நீளத்திற்கு ஒரு வான்பூங்கா. அப்பூங்காவில் மரங்களும் 150 மீட்டர் நீள நீச்சல் குளமும். இதனை வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. 1938இல் ஹைபாவில் பிறந்து, இளமையிலேயே கனடாவுக்குக் குடிபெயர்ந்து, உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் அவர். சாங்கி விமான நிலையத்தில் 2019இல் திறக்கப்பட்ட ஜுவல் கட்டடமும் அவர் வடிவமைத்ததே. உலகில் உயிரோடிருக்கும் கட்டடக் கலைஞருள் சிங்கப்பூரின் தோற்றத்தை அவரளவு மாற்றிய அயல்நாட்டவர் மிகச் சிலரே.

இக்கட்டடங்களைப் பற்றிப் பொதுமக்கள் கூறுவது யாது? மூன்று தூண்களின்மேல் தரை தட்டிய கப்பல் என்பார் ஒருவர். அலைச்சறுக்குப் பலகை என்பார் மற்றொருவர். சூதாட்டக்கூடம் இருப்பதால் சீட்டுக்கட்டைச் சாய்த்து வைத்தாற்போல் இருக்கிறது என்று நகைப்பாரும் உளர். அருகிலுள்ள கலை அறிவியல் அரும்பொருளகத்தைத் தாமரை என்பர் சிலர். பத்து விரல்களை விரித்து வரவேற்கும் கை என்பர் வேறு சிலர். அழகு என்பாரும் உண்டு. அழகில்லை என்பாரும் உண்டு. ஆனால் இரு சாராரும் ஓர் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகின்றனர். கட்டடம் எதைப் போல இருக்கிறது என்பதே அவர்களுடைய பேச்சு. அது யாருக்காக இருக்கிறது என்று கேட்பார் அரியர்.

உவமை கூறுவதில் தமிழர் எவர்க்கும் இளைத்தவரல்லர். எனவே உவமையைப் பழிக்க வேண்டியதில்லை. மக்கள் சூட்டும் பட்டப்பெயரில் ஒரு நுண்மையும் உண்டு. எஸ்பிளனேட் கலையரங்கத்தின் வரலாற்றை நினைவுகூர்க. அதன் மாதிரி வடிவம் 1994இல் வெளியிடப்பட்டபோது பலர் எள்ளினர். வெயில் கொளுத்தும் நாட்டில் கண்ணாடிக் கூண்டு எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. பின்னர் அக்கண்ணாடியின்மேல் ஆயிரக்கணக்கான அலுமினிய நிழல் தடுப்புகள் முளைத்தன. 2002இல் கலையரங்கம் திறக்கப்பட்டபோது அத்தடுப்புகளைக் கண்ட மக்கள் அதனை டுரியான் என்றனர். ஏளனமாகத் தொடங்கிய பெயர் இன்று செல்லப் பெயராகிவிட்டது. ஆயின் அந்நிகழ்ச்சியில் பயன் விளைத்தது எது? "ஈயின் கண்ணைப் போல இருக்கிறது" என்ற ஏளனமா? அன்று. "உள்ளே இருப்பவருக்கு வெப்பம் தாங்குமா?" என்ற கேள்வியே. உவமை சிரிப்பைத் தந்தது. கேள்வியோ நிழலைத் தந்தது. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

பொதுமக்கள் இத்தகைய கேள்விகளைக் கேளாதிருப்பதற்கு இரு சாராருடைய வாதங்கள் காரணமாகின்றன. அவ்விரண்டையும் ஆராய்தல் தகும்.

முதற் சாரார் வல்லுநர்பால் எல்லாவற்றையும் ஒப்படைப்பவர். "கட்டடக் கலை கடினமான கலை, அதனைப் பற்றிப் பாமரர் என்ன அறிவர்?" என்பது அவர்தம் கூற்று. மூன்று கோபுரங்கள் காற்றில் வெவ்வேறு அளவில் அசையும்போது அவற்றின்மேல் உள்ள பூங்கா விரிசல் விடாதிருக்க என்ன செய்ய வேண்டும் என்பது பாமரர்க்குத் தெரியாது, அது உண்மை. அதனைப் பொறியியலார் அறிவர். ஆனால் வெயிலில் நடந்து வரும் முதியவர்க்கு உட்கார இடம் இருக்கிறதா என்பதைப் பொறியியலாரைவிட அம்முதியவரே நன்கு அறிவார். சமையற்கலை அறியாதவனுக்கும் உப்புக் குறைந்தது தெரியும். உண்பவனைப் பார்த்து, "நீ சமைத்துக் காட்டு, பிறகு குறை சொல்" என்று கூறும் சமையற்காரரை எவரும் மதிப்பதில்லை. கட்டடக் கலைஞர்க்கு மட்டும் ஏன் அச்சலுகை?

இரண்டாம் சாரார் தலைகளை எண்ணுபவர். "உலகெங்கும் இருந்து மக்கள் வந்து குவிகின்றனர், நாட்டின் அடையாளமாகவே அக்கட்டடம் ஆகிவிட்டது, இதைவிடச் சான்று வேறு என்ன வேண்டும்?" என்பர். கூட்டம் ஒன்றை மட்டுமே மெய்ப்பிக்கும்: கூட்டம் வருகிறது என்பதை. சந்தைக்கும் கூட்டம் வருகிறது. விபத்து நேர்ந்த இடத்திலும் கூட்டம் கூடுகிறது. வந்தவர் என்ன பெற்றுத் திரும்பினர் என்பதன்றோ அறிய வேண்டுவது? ஒருமுறை வந்து படம் பிடித்துச் செல்லும் பயணியின் கருத்தும், நாள்தோறும் அவ்வழியே நடந்து வேலைக்குச் செல்லும் ஊழியரின் கருத்தும் ஒரே எடையுடையன அல்ல. முன்னவர் கட்டடத்தைக் காண்கிறார். பின்னவர் அதனோடு வாழ்கிறார்.

இவ்விரு சாராரும் சேர்ந்து ஒரு மூன்றாம் வாதத்தையும் துணைக்கு அழைப்பதுண்டு. பாரிசு நகரின் ஈபெல் கோபுரத்தை 1887இல் கலைஞரும் எழுத்தாளரும் கையொப்பமிட்டு எதிர்த்தனர். இன்றோ உலகமே அதனைப் போற்றுகிறது. ஆதலால் எதிர்ப்பவர் வாய் மூடிக் காலத்திற்காகக் காத்திருக்க வேண்டும் என்பர். இவ்வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. பழிக்கப்பட்டுப் பின் புகழப்பட்ட கட்டடத்தை உலகம் நினைவிற் கொள்கிறது. பழிக்கப்பட்டு, அப்பழிக்குத் தகுதியாகவே இருந்து, சுவடின்றி இடிக்கப்பட்ட கட்டடங்களை யார் நினைவிற் கொள்கின்றனர்? வென்றவனை மட்டும் எண்ணிவிட்டுப் போரில் எவரும் மடியவில்லை என்று கூறுவதைப் போன்றது இவ்வாதம்.

அவ்வாறாயின் ஒரு கட்டடத்தை எந்த அளவுகோலால் அளப்பது? சாஃப்டியைப் பொறுத்தவரையில் அளவுகோலைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவரே அதனைத் தந்திருக்கிறார். மாணவராக இருந்தபோது மெக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய ஆய்விலிருந்து பிறந்ததுதான் மாண்ட்ரியல் நகரில் 1967ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட ஹேபிட்டாட் 67 என்னும் குடியிருப்பு. 354 கற்காரைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. ஒரு வீட்டின் கூரையே மற்றொரு வீட்டின் தோட்டமாயிற்று. நெருக்கமான நகரத்தில் வாழ்பவர்க்கும், எளியவர்க்கும், சொந்தமாக ஒரு பிடி மண்ணும் ஒரு துண்டு வானமும் வேண்டும் என்பதே அதன் உயிர்க்கருத்து. 1974இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே "ஒவ்வொருவர்க்கும் ஒரு தோட்டம்" என்னும் பொருள் தருவது.

உயர்ந்த குறிக்கோள் அது, அதில் ஐயமில்லை. ஆனால் செலவு ஏறிற்று, எண்ணியதில் ஒரு பகுதியே கட்டப்பட்டது, வாடகையும் உயர்ந்தது. எளியோர்க்கென எண்ணப்பட்ட குடியிருப்பு, நாளடைவில் வசதி படைத்தோர் விரும்பி வாழும் இடமாயிற்று. 2009இல் கியூபெக் அரசு அதனைப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கட்டடம் வென்றது, குறிக்கோள் தோற்றது.

இனி அவ்வளவுகோலை மரினா பேயிற் கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொருவர்க்கும் ஒரு தோட்டம் என்றவர், வானத்தில் ஒரு தோட்டத்தை உண்மையிலேயே அமைத்துக் காட்டினார். அத்தோட்டத்தில் நுழைவோர் யாவர்? நீச்சல் குளம் விடுதியில் தங்குவோர்க்கு மட்டுமே உரியது. காட்சித் தளத்திற்குச் செல்ல நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். கீழே உள்ள சூதாட்டக்கூடத்தில் நுழையக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தொடக்கத்தில் 100 வெள்ளியும், 2019 முதல் ஒரு நாளுக்கு 150 வெள்ளியும் வரியாகச் செலுத்துகின்றனர். சூதாட்டத்திலிருந்து குடிமக்களைத் தடுக்கும் நோக்கத்தோடு வைக்கப்பட்ட அவ்வரியைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும், நாட்டின் முகமாகக் காட்டப்படும் ஒரு கட்டடத்தின் உச்சியிலுள்ள மரநிழலில் அந்நாட்டுப் பள்ளி மாணவர் ஒருவர் காசின்றி அரைமணி நேரம் உட்கார இயலாது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியன்றோ?

நடுநிலை தவறுதல் கூடாது. அக்கட்டடத்தின் முன்னே நீர்க்கரையோரம் நீண்ட நடைபாதை உண்டு. அது எல்லார்க்கும் பொது. மாலை நேரங்களில் குடும்பத்தோடு வந்து காற்று வாங்குவோர் பலர். இரவில் நிகழும் ஒளி நீர்க்காட்சிக்கும் கட்டணமில்லை. கலை அறிவியல் அரும்பொருளகத்தின் கூரை மழைநீரைத் திரட்டிப் பயன்படுத்துமாறு அமைந்துள்ளது. ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியையும் அதனைச் சூழ்ந்த பசுமையையும் எவரும் காசின்றிக் காணலாம். மேல்தளப் பூங்காவிற்கு மட்டுமே கட்டணம். ஆங்கே முதியவர் வருகின்றனர், குழந்தைகள் ஓடுகின்றனர். சாஃப்டியின் பழைய குறிக்கோள் சிங்கப்பூரில் ஓரளவேனும் உயிர் பெற்ற இடம் எது என்று கேட்டால், புகழ் மிகுந்த வான்பூங்கா அன்று; விமான நிலையத்து அருவியடியே என்று விடை கூறலாம். ஆனால் இவ்வேறுபாட்டைப் பொதுமக்கள் பேசுவதில்லை. ஒன்று கப்பல், மற்றொன்று வைரம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

"அது தனியார் முதலீடு. பணம் போட்டவர் கட்டணம் வாங்குவதில் குற்றம் என்ன? ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை கிடைத்திருக்கிறதே!" என்று கேட்போர் உண்டு. வேலை கிடைத்தது உண்மை. அதனை இகழ்வது அறிவுடைமை ஆகாது. ஆனால் அக்கட்டடம் நிற்கும் நிலம் எவ்வாறு வந்தது? கடலைத் தூர்த்து, பல்லாண்டுப் பொதுத்திட்டத்தால், பொதுச் செலவால் உருவாக்கப்பட்ட நிலம் அது. அக்கட்டடம் எழுந்து நிற்கும் வானம் யாருடையது? தேசிய தினக் கொண்டாட்டத்தின் பின்னணியில் அது நிற்கிறது. அஞ்சல் அட்டையில் நிற்கிறது. பெருமை பேசும்போது "மக்களின் அடையாளம்" என்பதும், வாயிலைத் திறக்கும்போது "தனியார் உடைமை" என்பதும் ஒன்றோடொன்று பொருந்தா. அடையாளம் என்று அழைத்தால் மக்கள் கேள்வி கேட்கும் உரிமையும் உடன் வந்துவிடுகிறது.

வானத்துத் தோட்டத்தைக் காசுடையோர்க்கு மட்டுமே அமைக்க முடியும் என்று எண்ணுவதும் பிழை. மரினா பே சேண்ட்ஸ் கட்டப்பட்ட அதே காலத்தில், 2009இல், டக்ஸ்டன் பகுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பினக்கல் குடியிருப்பு நிறைவெய்தியது. 50 மாடிகள் கொண்ட ஏழு புளோக்குகள், 1,848 வீடுகள். அவ்வேழும் 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் பாலப் பூங்காக்களால் இணைக்கப்பட்டுள்ளன. 26ஆம் மாடி, குடியிருப்போர் நடைபயிலவும் கூடிப் பேசவும் உரியது. 50ஆம் மாடிக்கு வெளியாரும் சிறு கட்டணம் செலுத்திச் சென்று நகரைக் காணலாம். அதனை வடிவமைத்தவர் பெயரை உலகம் அறியாது. அதன் படம் அஞ்சல் அட்டைகளில் மிகுதியாக வருவதுமில்லை. ஆனால் "ஒவ்வொருவர்க்கும் ஒரு தோட்டம்" என்ற சொல்லுக்கு நெருங்கி நிற்பது எது? புகழ்பெற்றவர் கட்டிய பூங்காவா, அரசு வீடுகளின்மேல் அமைந்த பூங்காவா? பொதுமக்கள் கருத்து என்பது இத்தகைய ஒப்பீட்டில் பிறக்க வேண்டும்.

மக்கள் உரிய காலத்தில் பேசாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் சிங்கப்பூரிலேயே சான்றுண்டு. 1973இல் கட்டப்பட்ட கோல்டன் மைல் கட்டடம், கடைகளும் அலுவலகங்களும் வீடுகளும் ஒரே கூரையின்கீழ் அமைந்த துணிச்சலான முயற்சி. உள்நாட்டுக் கட்டடக் கலைஞர்களின் ஆக்கம் அது. பராமரிப்புக் குன்றியபோது அதனை வெறுத்தவர் பலர். 2006இல் நாடாளுமன்றத்திலேயே அது செங்குத்தான சேரி என்று பழிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2021இல், அதே கட்டடம் பாதுகாக்கப்பட வேண்டிய சின்னமாக அறிவிக்கப்பட்டது. கட்டடம் மாறவில்லை, அதனைக் காணும் கண் மாறியது. அதே தலைமுறையைச் சேர்ந்த, 1976இல் நிறைவெய்திய பேர்ல் பேங்க் குடியிருப்புக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. அது விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. அதன் அருமையைப் பலர் பேசத் தொடங்கியது அதனை இழக்கும் வேளையிலேதான். முகத்தோற்றத்தை மட்டும் கண்டு வெறுப்பதும், போன பின் வருந்துவதும் கருத்தாகா. அவை உணர்ச்சிகள். கருத்து என்பது காரணத்தோடு வருவது; காலத்தோடும் வர வேண்டுவது.

இப்போது அக்காலம் வாயிலில் வந்து நிற்கிறது. மரினா பே சேண்ட்ஸ் அருகே, அதே சாஃப்டியின் வடிவமைப்பில், 55 மாடிகள் கொண்ட மற்றொரு கோபுரமும் 15,000 இருக்கைகள் கொண்ட அரங்கமும் எழவிருக்கின்றன. ஏறத்தாழ 8 பில்லியன் அமெரிக்க வெள்ளிச் செலவில் அமையும் அத்திட்டத்திற்கு 2025 ஜூலையில் பணி தொடக்க விழா நடந்தது. அதனைப் பற்றி எழும் பேச்சு யாது? மூன்றாக நின்ற அழகு நான்காகும்போது கெடுமா, கெடாதா என்பதே. மீண்டும் தோற்றம்! அதன் உச்சியில் காசின்றி நிற்க ஓர் இடம் இருக்குமா? 15,000 பேர் ஒரே நேரத்தில் வெளியேறும்போது அவ்வழியே வீடு திரும்பும் தொழிலாளர்க்கு நடக்க இடம் இருக்குமா? துப்புரவுப் பணியாளர் உண்ணவும் ஓய்வெடுக்கவும் எங்கே இடம்? திறப்பு விழாவுக்கு முன் கேட்டால் இவை கேள்விகள். பின் கேட்டால் முணுமுணுப்புகள்.

இதில் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் என்ன வேலை என்று சிலர் வினவலாம். அவர்க்கே பெரும்பங்கு உண்டு. சிங்கப்பூரின் காட்சிகளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர் எழுதுவது யாது? "வானளாவிய கட்டடம்," "கண்கொள்ளாக் காட்சி," "காண்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்ளும் அழகு." மனப்பாடம் செய்த இத்தொடர்களை எந்தக் கட்டடத்தின்மீதும் ஒட்டலாம், ஒட்டினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அத்தொடரை எழுதிய மாணவர் அக்கட்டடத்தைப் பார்த்தாரா என்பதே ஐயம். சொல் தயாராக இருந்துவிட்டால் கண் சோம்பிவிடுகிறது. கண் சோம்பிய மாணவர் நாளை குடிமகனாகும்போது, திறப்பு விழாவில் கைதட்டுவதற்கு மட்டுமே பயன்படுவார்.

ஆதலின் ஆசிரியர் அத்தொடர்களை ஒருமுறை விலக்கி வைக்கச் சொல்லலாம். மாணவரை ஒரு கட்டடத்தின் முன் நிறுத்தி, "எதைப் போல இருக்கிறது?" என்று வினவுவதோடு நில்லாமல், "உள்ளே செல்ல யாருக்கு உரிமை? நண்பகலில் நிழல் எங்கே? மழை பெய்தால் எங்கே ஒதுங்குவது? சக்கர நாற்காலியில் வருபவர் எவ்வழியே ஏறுவார்? கட்டியவர் என்ன கூறினார்? கூறியதைச் செய்தாரா?" என்று வினவலாம். வீவக புளோக்கின் கீழ்த்தளத்தையும் மரினா பேயின் வான்பூங்காவையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லலாம். திருமணமும் துக்கமும் நிகழ்ந்த அந்த எளிய கீழ்த்தளத்தில், எந்தச் சீட்டுமின்றி மாணவர் ஒவ்வொருவரும் விளையாடியிருக்கிறார். அக்கட்டுரையில் சொல்லழகு சற்றுக் குறையலாம். உண்மை குறையாது.

சாஃப்டி சிறந்த கலைஞர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. பெரும்புலவரின் நூல்களும் அவையில் தடைகளைச் சந்தித்தன. அதனால் அவர்தம் புகழ் மங்கிவிடவில்லை. கேள்வி கேட்கப்படாத நூல் எப்படி அரங்கேறிய நூல் ஆகாதோ, அப்படியே கேள்வி கேட்கப்படாத கட்டடமும் மக்கள் ஏற்ற கட்டடம் ஆகாது. புதிய கோபுரத்தின் கதவுகள் திறக்க இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. அதற்குள் ஒரு வகுப்பறையிலேனும், தமிழ் மாணவர் ஒருவரேனும் எழுந்து நின்று, "ஒவ்வொருவர்க்கும் ஒரு தோட்டம் என்றீர்களே, எனக்குரிய இடம் இதில் எது?" என்று கேட்பாரானால், அரங்கேற்றம் அங்கே தொடங்கிவிடும். விடை கூறும் கடமை அதன்பின் கட்டியவரைச் சேரும்.